உலகச் சந்தையோடு கணக்கு வைத்த மன்னர்: ஜொகூர் சுல்தான் அபூபக்கர் அவர்களின் வாழ்க்கை வரலாறு

ஜொகூர் பாருவில் தொழில் நடத்தும் நம்மவர்கள் அன்றாடம் கண்டும் கேட்டும் பழகிய பெயர் சுல்தான் அபூபக்கர் என்பது. நீரிணையை நோக்கி மேட்டின்மீது நிற்கும் பெரிய பள்ளிவாசல் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அந்தப் பெயருக்குரியவர் யார், அவர் என்ன செய்தார் என்று கேட்டால், ஜொகூரின் பழைய சுல்தான் என்பதற்கு மேல் சொல்லக்கூடியவர்கள் நம்மில் சிலரே.

வணிகர்களாகிய நமக்கு அன்னாரின் வாழ்க்கை வெறும் அரச சரித்திரம் அன்று. நீராவிக் கப்பலும் தந்தியும் உலகத்தை முதன்முறையாக ஒரே சந்தையாகக் கட்டிய காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு சிறிய நாட்டின் பொறுப்பை ஏற்று, பெரிய சந்தையில் மூழ்கிப்போகாமல் தம் நாட்டைக் கரையேற்றியவர் அவர். இன்று கைபேசி வழியாக உலகமே நம் கல்லாப்பெட்டி வரை வந்து நிற்கும்போது, அவர் செய்தவற்றையும் அவரால் செய்ய இயலாமற் போனவற்றையும் அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

பிறப்பும் கல்வியும்

அபூபக்கர் அவர்கள் 1833-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி சிங்கப்பூரில் தெலுக் பிளாங்கா என்னும் கடலோரக் கிராமத்தில் பிறந்தார்கள். அன்னாரின் பாட்டனார் தெமெங்கோங் அப்துல் ரஹ்மான், 1819-இல் ராஃபிள்ஸ் துரையுடன் உடன்படிக்கை செய்து சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் ஊன்ற வழிவிட்டவர்களில் ஒருவர். தெமெங்கோங் என்பது காவலும் நீதியும் பார்க்கும் பெரும் பதவி. ஆனால் துறைமுகம் வளர வளர, அதன் அதிகாரமும் வருமானமும் கம்பெனியார் கைக்குப் போயின. குடும்பத்திற்கு மிஞ்சியது பட்டமும், உதவித்தொகையும், எதிர்க்கரையில் காடு மண்டிக் கிடந்த ஜொகூரின்மீது இருந்த உரிமையுமே. வீட்டு வாசலில் உலக வாணிபம் நடக்க, அதில் தமக்குப் பங்கில்லாத நிலை. அந்த நிலையைப் பார்த்தே அபூபக்கர் வளர்ந்தார்கள்.

தெலுக் பிளாங்காவில் கீஸ்பெரி என்ற பாதிரியார் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். அவரிடம் அச்சுக்கூடமும் இருந்தது. அங்கே அபூபக்கர் ஆங்கிலம் கற்றார்கள். அந்தப் பாதிரியாருடன் பணியாற்றியவர் மலாய் இலக்கியத்தின் புகழ் பெற்ற முன்ஷி அப்துல்லா. அவருடைய முன்னோர் நாகூரிலிருந்து மலாக்காவுக்கு வந்து குடியேறியவர்கள். முன்ஷி அப்துல்லாவின் புதல்வர் முகம்மது இப்ராஹீம் பிற்காலத்தில் அபூபக்கர் அவர்களின் அரசாங்கத்தில் சேர்ந்து, டத்தோ பெந்தாரா டாலம் என்ற உயர்ந்த பதவி வகித்தார். நாகூர் மண்ணின் தொடர்பு ஜொகூர் அரசுச் செயலகம் வரை சென்றது என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

தந்தையார் கண்ட சரக்கு

அபூபக்கர் அவர்களின் தந்தையார் தெமெங்கோங் டாயெங் இப்ராஹீம். குடும்பத்தின் பொருள்நிலையை மாற்றியவர் அவரே. மாற்றிய சரக்கு, காட்டு மரம் ஒன்றின் பால்.

ஜொகூர்க் காடுகளில் தாபான் என்றொரு மரம் இருந்தது. அதன் பால் உறைந்தால் கட்டாபெர்ச்சா என்னும் பொருள் கிடைக்கும். வெந்நீரில் இட்டால் இளகும், ஆறினால் கெட்டிப்படும். மலாய்க்காரர்கள் அதைப் பாராங் கத்திக்குப் பிடி போடப் பயன்படுத்தி வந்தார்கள். 1843-இல் டாக்டர் மாண்ட்கோமெரி முதலியோர் இதன் மாதிரியைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அதன் பெரும்பயன் வெளிப்பட்டது. மின்சாரம் செல்லும் கம்பியின்மேல் இதைப் பூசிக் கடலில் போட்டால், உப்பு நீர் உள்ளே புகாது. ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி வேலை செய்யத் தொடங்கியது. 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நிலையான தந்தித் தொடர்பு ஏற்பட்டது. இந்தக் கம்பிகளுக்கெல்லாம் உறையாக இருந்தது நம் வட்டாரத்து மரப்பால்தான்.

சிங்கப்பூரில் விலை ஏறியதைக் கண்ட தெமெங்கோங் இப்ராஹீம், ஜொகூர்க் காட்டிலிருந்து வரும் கட்டாபெர்ச்சா முழுவதும் தம் கை வழியாகவே செல்ல ஏற்பாடு செய்தார். காட்டில் அதைச் சேகரித்தவர்கள் பூர்வகுடி மக்கள். விலையை நிர்ணயித்தவர் தெமெங்கோங். படகுகளை மறித்துச் சரக்கை வாங்குகிறார்கள் என்று சிங்கப்பூர் ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டார்கள். எவ்வாறாயினும் குடும்பத்திற்குப் பெரும் செல்வம் சேர்ந்தது.

இதில் ஒரு குறையும் இருந்தது. மரத்தை நிற்க வைத்துப் பால் எடுக்கவில்லை. வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி எடுத்தார்கள். ஒரு முழு மரத்தில் கிடைத்ததோ சொற்பம். வெட்டிய வேகத்துக்கு நடுவார் இல்லை. சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் தாபான் மரம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஜொகூரிலும் எட்டிய இடங்களில் அருகிவிட்டது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் 1885-இல் சிப்பெத்திர் என்ற இடத்தில் இம்மரத்தைத் தோட்டமாகவே பயிரிட்டு, பிறகு இலையிலிருந்து பால் எடுக்கும் முறையையும் கண்டார்கள். முதலை வெட்டிச் சாப்பிட்டவருக்கும் முதலை நட்டு வளர்த்தவருக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

பொறுப்பேற்பும் புதிய தலைநகரும்

1862 ஜனவரி இறுதியில் தந்தையார் வபாத்தாகவே, 29 வயது நிரம்பும் தறுவாயில் அபூபக்கர் அவர்கள் தெமெங்கோங் ஆனார்கள். கட்டாபெர்ச்சா வருமானம் தேய்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரே சரக்கை நம்பி நாட்டை நடத்த முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அப்போது ஜொகூரில் வேரூன்றியிருந்த மற்றொரு தொழில் மிளகும் காம்பிரும். காம்பிர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு வெற்றிலையோடு மெல்லவும், தோல் பதனிடவும், சாயம் போடவும் பயன்படும். இரண்டு பயிர்களையும் சேர்த்து வைத்ததற்குக் காரணம் உண்டு. காய்ச்சிய இலையின் சக்கை மிளகுக் கொடிக்கு உரமாகும். மிளகு விலை சரிந்த ஆண்டில் காம்பிர் கைகொடுக்கும். காம்பிர் சரிந்தால் மிளகு தாங்கும். ஆற்றோரக் காட்டைச் சீனத் தலைவர்களுக்கு எழுத்துமூலம் கொடுத்து, குடியேற்றத்தையும் பயிரையும் அவர்கள் பொறுப்பில் விடுவது முறை. அந்தப் பத்திரத்திற்குச் சுராட் சுங்கை, அதாவது ஆற்றுப் பத்திரம் என்று பெயர். அதைப் பெற்ற தலைவர் கங்சு எனப்பட்டார். அபூபக்கர் அவர்கள் இந்த முறையை விரிவாக்கி ஒழுங்குபடுத்தினார்கள். இதனால் ஜொகூர் காம்பிர் ஐரோப்பிய, அமெரிக்கத் தோல் ஆலைகள் வரை சென்றது.

1866-இல் தஞ்சோங் புத்திரி என்ற ஊருக்கு ஜொகூர் பாரு, அதாவது புதிய ஜொகூர், என்று பெயர் சூட்டினார்கள். அங்கே இஸ்தானா பெசார் அரண்மனையும் எழுந்தது. நீராவியால் ஓடும் மரம் அறுக்கும் ஆலை ஒன்றும் நிறுவப்பட்டு, ஜொகூர் மரம் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. 1869-இல் குனோங் பூலாய் மலையை நோக்கி இரயில் பாதை ஒன்றைத் தொடங்கினார்கள். இரும்பு விலை அதிகம் என்பதால் மரத்தாலேயே தண்டவாளம் போடப்பட்டது. கறையான் அதைத் தின்றுவிட்டது; முயற்சி கைவிடப்பட்டது. புதுமையை நாடுகிறவருக்கு இத்தகைய நஷ்டமும் நேரும். ஆனால் ஒரு முயற்சி தோற்றது என்பதற்காக அவர்கள் மற்றவற்றை நிறுத்திவிடவில்லை.

தந்தி வந்தது, சந்தை மாறியது

நிற்க. அந்தக் காலத்து வணிகத்தைத் தலைகீழாக மாற்றிய இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே கூறவேண்டும். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த லண்டன்-சிங்கப்பூர் கடல்வழி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்து, 1870-ஆம் ஆண்டின் இறுதியையொட்டிச் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. 1871-இல் அது ஹாங்காங் வரையும், 1872-இல் ஜாவா வழியாக ஆஸ்திரேலியா வரையும் தொடர்ந்தது.

அதற்குமுன் லண்டனில் மிளகு என்ன விலை என்று சிங்கப்பூரில் தெரிய ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். தபால் கப்பல் வந்த அன்று முதற்கடிதம் யார் கைக்கு வந்ததோ அவரே அந்த மாதம் லாபம் கண்டார். தந்திக்குப் பிறகோ விலை சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் தெரிந்தது. தந்திக் கட்டணம் மிக அதிகம். கொடுக்க முடிந்த பெரிய கம்பெனிகள் முந்திக்கொண்டன, முடியாதவர்கள் பிந்தினார்கள். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து பாய்மரக் கப்பலில் துணியும் சரக்கும் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம் முன்னோர்களின் கப்பல் தொழில், காற்றுக்குக் காத்திராமல் குறித்த நாளில் புறப்படும் நீராவிக் கப்பலுக்கு முன்னே படிப்படியாக மங்கியது. கடல் தெரிந்தவர்களாகவும் வணிகம் தெரிந்தவர்களாகவும் இருந்தும், கப்பலுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் பிறர் கப்பலில் பயணிகளானார்கள்.

அந்தக் கம்பிக்கு உறை தந்த ஜொகூரின் நிலையும் யோசிக்கத்தக்கது. காட்டில் பால் எடுத்த ஏழைக்குத் தாம் விற்ற பொருள் எங்கே போகிறது என்று தெரியாது. லண்டன் தொழிற்சாலையில் அது கம்பியாகி, கடலடியில் இந்தப் பக்கமே திரும்பி வந்து, அதே பொருளின் விலையைச் சொல்லும் கருவியாயிற்று. சரக்கு ஜொகூருடையது, கம்பியும் செய்தியும் பிறருடையவை. இந்த வேற்றுமையை நன்கு உணர்ந்தவரைப் போலவே அபூபக்கர் அவர்களின் பிற்கால நடவடிக்கைகள் அமைந்தன.

பயணமும் பத்திரமும்

1866-இல் அவர்கள் இங்கிலாந்து சென்று விக்டோரியா ராணியாரைச் சந்தித்தார்கள். 1868-இல் மகாராஜா என்ற பட்டம் ஏற்றார்கள். 1883-இல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று வந்தார்கள். 1893-இல் இஸ்தான்புல்லில் துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவர்களைச் சந்தித்தார்கள். மலாய் ஆட்சியாளர் ஒருவர் இவ்வளவு தொலைவு சென்று, பிற நாட்டு மன்னர்களோடு நேரில் பழகியது அக்காலத்தில் புதுமை.

இந்தப் பயணங்கள் வேடிக்கை பார்க்க மட்டும் செய்தவை அல்ல. அந்த ஆண்டுகளில் பக்கத்து நாடுகளின் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தால் இது விளங்கும். 1874-இல் பேராக்கும் சிலாங்கூரும், 1888-இல் பகாங்கும் ஆங்கில ரெசிடெண்டுகளை ஏற்றன. பெயருக்கு ஆலோசனை; நடைமுறையில் ஆட்சி. ஜொகூரில் மட்டும் அபூபக்கர் அவர்கள் காலத்தில் ரெசிடெண்டு வரவில்லை. ஆங்கிலேயர் எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழியில் அவர்கள் பேசினார்கள். எந்தச் சட்டத்தைக் காட்டினார்களோ அந்தச் சட்டத்தைத் தெரிந்த வழக்கறிஞர்களைச் சிங்கப்பூரில் வைத்துக்கொண்டார்கள். 1885 டிசம்பர் 11-ஆம் தேதி லண்டனில் செய்த உடன்படிக்கையில், வெளிநாட்டு விவகாரங்களை ஆங்கிலேயரிடம் விட்டு, ஜொகூர் சுல்தான் என்ற பட்டத்திற்கு அவர்களின் ஒப்புதலைப் பெற்றார்கள். மறு ஆண்டே ஜொகூர் நலனைக் கவனிக்க லண்டனில் ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது. நம் வழக்கில் சொன்னால், பெரிய சந்தையில் தமக்கென ஒரு முகவரை உட்கார வைத்தார்கள்.

உள்நாட்டிலும் எழுத்து வேலைக்குத் தகுந்தவர்களையே தேர்ந்தார்கள். கீஸ்பெரி பள்ளியில் படித்த முகம்மது சாலே பின் பெராங் நில அளவையும் வரைபடமும் கற்று, ஜொகூரை அளந்து படம் வரைந்தார். சீன மொழியும் அறிந்திருந்தார். தம் நாட்டின் படத்தைத் தம் ஆளே வரைவது எவ்வளவு பெரிய காவல் என்பது நிலப் பத்திரம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1890-களில் இங்கிலாந்தில் அவர்கள்மீது தனிப்பட்ட வழக்கு ஒன்று வந்தபோது, ஆங்கில நீதிமன்றமே ஜொகூர் சுல்தான் சுதந்திர மன்னர் என்று ஏற்று, அவரை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று தீர்த்தது. பல ஆண்டு சேர்த்த பத்திரங்களின் பயன் அன்று தெரிந்தது.

குறைகளும் உண்டு

மனிதர் எவரும் குறையற்றவர் அல்லர். சுல்தான் அவர்களின் ஐரோப்பிய வாழ்க்கைச் செலவு அதிகம் என்ற குறை அக்காலத்திலேயே சொல்லப்பட்டது. அரசாங்க வருமானத்தின் பெரும்பகுதி அபின், மது, சூதாட்டக் குத்தகைகளிலிருந்து வந்தது. ஆற்றோரத் தோட்டங்களில் உழைத்த சீனக் கூலிகள் தம் கூலியை அபினுக்கும் சூதுக்கும் தோற்று, கடனாளிகளாகவே மடிந்தனர். காம்பிர் காய்ச்ச விறகு வேண்டும். விறகு தீர்ந்து மண் வளம் போனதும் அந்த இடத்தை விட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். உலகச் சந்தையோடு சேர்ந்ததில் செல்வம் வந்தது உண்மை. அதன் விலையைச் செலுத்தியவர்கள் ஏழைகள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

சாசனமும் இறுதியும்

1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி ஜொகூருக்கு எழுத்து வடிவில் ஓர் அரசியல் சாசனம் அளித்தார்கள். மலாய் நாடுகளில் இதுவே முதலாவது. ஆட்சியாளர் எவரும் நாட்டையோ அதன் பகுதியையோ அந்நியருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. தமக்குப் பின் வருபவர் தவறினாலும் தாள் தவறக்கூடாது என்ற எண்ணம் இதில் தெரிகிறது.

சாசனம் பிறந்த இரண்டு மாதத்திற்குள், 1895 ஜூன் 4-ஆம் தேதி, லண்டனில் சுல்தான் அவர்கள் வபாத்தானார்கள். ஜனாஸா கப்பலில் கொண்டுவரப்பட்டு, செப்டம்பர் 7-ஆம் தேதி ஜொகூர் பாருவில் மஹ்மூதியா அரச மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டது. 1892-இல் அவர்கள் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் 1900-இல்தான் நிறைவுற்றது. தாம் எழுப்பியதில் தொழும் பாக்கியம் அவர்களுக்குக் கிட்டவில்லை.

புதல்வர் சுல்தான் இப்ராஹீம் காலத்தில் 1909-இல் இரும்பு இரயில் ஜொகூர் பாருவை அடைந்தது. 1924-இல் சிங்கப்பூருக்குக் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. ஆனால் 1914-இல் ஆங்கிலப் பொது ஆலோசகர் அதிகாரத்தோடு வந்தமர்ந்தார். தந்தையார் நாற்பது ஆண்டு தள்ளி வைத்தது வந்தே விட்டது. எனினும் அந்த நாற்பது ஆண்டு வீண்போகவில்லை. அதற்குள் ஜொகூர் தனக்கென்று அலுவலர்களையும் பதிவேடுகளையும் பழக்கத்தையும் உருவாக்கிக் கொண்டது.

நமக்கு உரியது

கட்டாபெர்ச்சாவின் இடத்தை 1930-களில் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன் பின்னர்ப் பிடித்துக்கொண்டது. இன்று கடலடியில் கிடப்பது கண்ணாடி இழைக் கம்பி. கண்டங்களுக்கிடையே செல்லும் இணையச் செய்திகளின் மிகப் பெரும்பகுதி அதன் வழியே போகிறது. நம் ஜொகூரில் பெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கு இரு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன. 1973 வரை நம் பெரியோர்கள் ரஜூலா கப்பலில் நாள்கணக்கில் பயணம் செய்த சென்னை-மலாயா வழியை, இன்று ஒரு செய்தி கண் இமைக்கும் நேரத்தில் கடக்கிறது.

ஆகவே வேகத்தைப் பற்றி நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. நாம் விற்கும் சரக்கு கடைசியாக எங்கே போகிறது, அங்கே என்ன விலை என்று நமக்குத் தெரியுமா? வாடிக்கையாளரின் பெயரும் கணக்கும் நம் ஏட்டில் இருக்கின்றனவா, அல்லது நம் சரக்கை விற்றுத் தரும் இணையச் சந்தைக்காரரின் ஏட்டில் மட்டும் இருக்கின்றனவா? அவர் நாளைக்குத் தரகை ஏற்றினால், நம் வாடிக்கையாளரை நாமே அழைத்துப் பேச வழி உண்டா? குத்தகைப் பத்திரத்தையும் உடன்படிக்கையையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறோமா? ஒரே சரக்கை, ஒரே வாங்குபவரை நம்பி நிற்கிறோமா? நம் பிள்ளைகளில் ஒருவரேனும் கடையோடு சட்டமும் கணக்கும் பிறமொழியும் கற்கிறாரா?

சுல்தான் அபூபக்கர் அவர்களிடம் பெரும் படை இல்லை, கப்பற்படை இல்லை. மொழி அறிவும், நல்ல எழுத்தர்களும், ஒழுங்கான பத்திரங்களும், வெளியூர் சென்று பழகும் துணிவும் இருந்தன. இவை சிறு கடைக்காரருக்கும் எட்டாதவை அல்ல. காட்டு மரத்தை வெட்டி விற்றவர்களின் செல்வம் மரத்தோடு போயிற்று. எழுதி வைத்தவரின் சாசனம் ஜொகூரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. கையில் உள்ள தொழிலை அடுத்த தலைமுறைக்கு எந்த நிலையில் கொடுக்கப்போகிறோம் என்று எண்ணும் வர்த்தகப் பெருமக்கள், இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்களாக.